அம்புரோஸ் பிடித்த வெள்ளிக்கிழமை மீன்

வலை வீசாமலே எங்களை வசப்படுத்தி வைத்திருக்கும் கிள்ளான் தூண்டில் அன்பர் சங்கத் தலைவர் ஐயா தம்புசாமி அவர்களே! நிர்வாகக் குழுப் பெரியோர்களே! தூண்டிலோடு போன கணவர் வெறுங்கையோடு திரும்பினாலும் சோறு போடும் தாய்மார்களே! அனைவருக்கும் சுகுமாறனின் பணிவான வணக்கம்.

நம் ஏரியில் பிடித்த ஒரு மீனை வீட்டுக்குக் கொண்டுபோன குற்றத்துக்காக நண்பர் அம்புரோஸைச் சங்கத்தை விட்டே நீக்க வேண்டுமாம். நிர்வாகக் குழு இப்போது வாக்களிக்கப் போகிறது. நல்லது. ஆனால் அந்தச் சட்டம் பிறந்த கதையைக் கேளுங்கள்!

சென்ற புரட்டாசியில் செயலாளர் யுகேந்திரன், ஏதோ குளிர்நாட்டு டிராவுட் மீன் ஏரியின் விதிகளை இணையத்திலிருந்து இறக்கிக்கொண்டு வந்தார். பிடித்த மீனைத் திரும்ப விட வேண்டும். இரை கூடாது, இறகு கட்டிய தூண்டில்தான்! செம்பனைப் பழத்துக்கு வாய் திறக்கும் நம் பாத்தின் மீனுக்கு இறகு எதற்கு? காது குடையவா? கேட்டோமா? கேட்கவில்லை! ஏன்? புரட்டாசி! அத்தனை பேரும் சைவம்! மீன் தின்னாத மாதத்தில் மீன்மேல் பொங்கிய கருணையில் கை தூக்கினோம். வழிமொழிந்தவனே நான்தான்.

என்ன உஷாராணி அக்கா? "ஐப்பசி ஒன்னாந்தேதியே எல்லாரும் மீன் வாங்கப் பாசாருக்கு ஓடுனீங்களே லா!" என்கிறார். உண்மை அக்கா! முதலில் ஓடியவர் உங்கள் வீட்டுக்காரர்.

அம்புரோஸுக்கோ இது தவக்காலம். வெள்ளிக்கிழமை இறைச்சி ஆகாது, மீன் ஆகும். நம் விரதம் விலக்கிய மீனை அவர் விரதம் அழைக்கிறது. பிடித்தார், கொண்டுபோனார். குஞ்சு மீன் லோரி வந்த அன்று, கொட்டும் மழையில் வாளி வாளியாக ஏரியில் இறக்கியவர் யார்? நாமெல்லாம் காருக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்க, நனைந்தவர் யார்? அம்புரோஸ்! அவரையா நீக்குவது? சொல்லவே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

என் திருத்தம் இதுதான்: பழம் போட்டுப் பிடிக்கலாம், தலைக்கு வாரம் இரண்டு மீன், சினை மீன் மட்டும் ஏரிக்கே திரும்ப வேண்டும். ஏரியைக் காக்கும் சட்டம் வேண்டும்! சினையைக் காக்கும் சட்டம் வேண்டும்! விட்டவனே எடுத்தால் விரட்டும் சட்டம் வேண்டாம், வேண்டாம், வேண்டவே வேண்டாம்!

"படம் ஆதாரமா இருக்கு பாஸ்!" என்கிறார் யுகேந்திரன். பார்த்தேன். அம்புரோஸின் துணைவி சாந்தமேரி வைத்த குழம்பு. பக்கத்தில் பாதி தின்ற தட்டு. தட்டின்மேல், செயலாளரே, தங்கள் கல் மோதிரம் போட்ட கை! சாப்பிட்டு முடித்த பிறகுதான் சட்டம் நினைவுக்கு வந்ததோ?

நான் மட்டும் யோக்கியனா? ஐந்து கிலோ மீன். அம்புரோஸ் அழைத்தது என்னையும் சேர்த்து நிர்வாகக் குழு முழுவதையும்! அதுவும் நம் வீடுகளில் கவிச்சி ஆகாத வெள்ளிக்கிழமை! தாய்மார்கள் முறைக்க வேண்டாம். அந்த மீனின் தலையைத் தின்றவன் நான்தான்.

ஆகவே, தலைவர் ஐயாவின் அனுமதியோடு வாக்கெடுப்பை நானே தொடங்கி வைக்கிறேன். அன்று அந்தக் குழம்பைத் தொடாத குழு உறுப்பினர்கள் மட்டும், அம்புரோஸை நீக்கக் கை தூக்குங்கள்!

எங்கே? ஒரு கையும் எழவில்லையே! தலைவர் ஐயா, தங்கள் கையும் மடியில்தான் இருக்கிறது. செவி கொடுத்த சபைக்கு நன்றி சொல்லி அமர்கிறேன், வணக்கம்!