நிழல் அளந்த கயிறு

சின்னப் புத்தகங்கள் எனக்குப் பிடிக்கும், ஐயா. சட்டைப் பைக்குள் அடங்கிவிடும். சுண்ணாம்புக் கையோடு புரட்டினாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ராலித்சா எழுதியவை எல்லாமே அப்படிப்பட்டவைதான். பழைய மடங்கள், அந்தக் காலத்து ராஜாக்கள், புனிதர்கள் செய்த அற்புதங்கள் என்று எல்லாம் ஒரு கை அகலத்தில் இருக்கும். எங்கள் மலையில் இருக்கும் மடத்தைப் பற்றியும் ஒன்று எழுதியிருந்தாள். மெழுகுவர்த்தி விற்கும் மேசையில் அதுவும் கிடைக்கும்.

அந்த மடத்தின் வடக்குச் சுவரைக் கட்டும் வேலை எனக்குக் கிடைத்தது. நான் கட்டினேன், விழுந்தது. மறுபடி கட்டினேன். மறுபடி விழுந்தபோது என் தம்பி தோன்சோ அடியில் இருந்தான். கல்லைப் புரட்டி அவன் உடலை வெளியே எடுத்தது நான்தான். அதற்குப் பிறகு சுவரடியில் நிற்கவே எனக்குப் பயம். ஆட்களிடம் சொல்லவில்லை. மேஸ்திரி பயந்தால் வேலை நின்றுவிடும்.

அப்போதுதான் அந்தப் புத்தகத்தை வாங்கினேன். மடத்தை முதலில் கட்டியபோதும் சுவர் நிற்கவில்லையாம். கட்டியவர்கள் வழியில் போன ஒருத்தியின் நிழலைக் கயிற்றால் அளந்து, அந்தக் கயிற்றைச் சுவருக்குள் வைத்துப் பூசினார்களாம். நாற்பது நாளுக்குள் அவள் இறந்தாள், சுவர் நின்றது. இதை என் தாத்தாவோடு வேலை செய்த கொத்தனார்களும் சொல்வார்கள். அச்சில் பார்த்தபோது நிஜம் மாதிரி இருந்தது. அந்தப் பக்கத்தை எத்தனையோ தடவை படித்தேன். அதற்கு அடுத்த தாள்கள் சாந்து பட்டு ஒட்டிக்கொண்டன. பிரிக்கத் தோன்றவில்லை.

ஒரு மதியம் ராலித்சா மடத்துக்கு வந்தாள். ரொட்டியும் வெள்ளைப் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆட்களுக்கு, வெயிலில் நின்று அந்தக் கதையைப் படித்துக் காட்டினாள். என் மச்சான் வெலிச்கோவுக்கு வாய் சும்மா இருக்காது.

"ஏம்மா, எம் பொண்டாட்டியக் கூட்டிட்டு வந்து வெச்சுப் பூசட்டுமா? அவ போடுற சத்தத்துல சுவரு எந்திரிச்சு ஓடிரும்."

"உங்க நிழலக் குடுங்களேன், அண்ணே. தொப்பைக்கே ரெண்டு சுவரு நிக்கும்," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். "கதைய விடுங்க. அடுத்த பக்கத்துல இருக்கறதப் படிச்சீங்களா? துறவிங்க சுவத்துக்குப் பின்னால வடிகால் வெட்டியிருக்காங்க. அது அடைச்சுப் போனா..."

அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் அவளுக்குப் பின்னால் குனிந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் நிழலைக் குதிகாலிலிருந்து தலைமுடி வரைக்கும் அளந்தேன். சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அன்று சாயங்காலமே அடிக்கல்லுக்கு மேல் வைத்துப் பூசிவிட்டேன். வருத்தமாகத்தான் இருந்தது. நல்ல பெண்.

சுவர் நின்றது. ஆட்கள் பயமில்லாமல் வேலை செய்தார்கள். ஆனால் ராலித்சா சாகவில்லை. வாரத்துக்கு ஒரு முறை மலை ஏறி வந்தாள். முகம் சிவந்து, மூச்சுக்கூட வாங்காமல், முன்னைவிடத் தெம்பாக இருந்தாள். அவள் சிரிக்கும்போதெல்லாம் நான் நாட்களை எண்ணினேன். தான் வாங்கிய கயிற்றுக்கு ஆள் கிடைக்கவில்லை என்றால் சுவர் வேறு யாரை எடுக்கும்? வெலிச்கோ அங்கேதான் சாந்து குழைக்கிறான். எனக்குத் தூக்கம் போயிற்று.

கடைசி வாரம் விடாமல் மழை. சுவரின் நடுவில் ஒரு விரிசல். காலையில் நகம் நுழைந்தது, மதியம் சாந்து பூசும் கரணையின் முனை நுழைந்தது. சுவர் ஆளைக் கேட்கிறது என்று எனக்குப் புரிந்தது.

நாற்பதாம் நாள் அவளே வந்தாள். வெலிச்கோவிடம் ஏதோ படத்தைக் காட்டி, மண்வெட்டியோடு எல்லோரையும் சுவருக்குப் பின்னால் அனுப்பிவிட்டாள். விரிசலைக் கிட்டப் பார்க்க வேண்டும் என்றாள்.

"சாரம் தாங்குமா, மேஸ்திரி?"

"தாங்கும்மா. பயப்படாம ஏறு."

மேல் பலகையின் முடிச்சை அன்று காலையில்தான் அவிழ்த்து வைத்திருந்தேன். அவள் மெதுவாக, கைகளால் பிடித்துப் பிடித்து ஏறினாள். விழுந்தபோது சத்தம் பெரிதாக இல்லை.

நான் முதலில் அவளைப் பார்க்கவில்லை. விரிசலில் கரணையை வைத்துப் பார்த்தேன்.

அதே நேரத்தில் சுவருக்குப் பின்னாலிருந்து வெலிச்கோ கத்தினான். "மச்சான், ஓடியாங்க! வடிகால் இருக்கு! அந்தப் பொண்ணு சொன்ன எடத்துலயே இருக்கு!" கறுத்த தண்ணீர் மலைச்சரிவில் நெடுநேரம் ஓடியது. அதற்குப் பிறகு விரிசல் வளரவில்லை. இன்றைக்கும் வளரவில்லை. நீங்கள் போய்ப் பார்க்கலாம்.

வெலிச்கோ என் முகத்தில் துப்பினான். சுவரைத் தள்ளிக்கொண்டிருந்தது தண்ணீர்தான் என்று நீங்களும் சொல்கிறீர்கள். அந்தப் பக்கத்தைப் பிரித்து என் முன்னால் வைக்கிறீர்கள். வேண்டாம், ஐயா. தண்ணீர்தான் என்றால் நான் அவளைச் சும்மா கொன்றதாக ஆகிவிடும். நான் அப்படிப்பட்டவன் இல்லை.

எல்லாவற்றிலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு உதவி செய்யுங்கள். வரும்போது உங்கள் ஸ்டேஷன் பின்கட்டில் கொத்தனார்கள் வேலை செய்வதைப் பார்த்தேன். இந்த விளக்கைக் கொஞ்சம் திருப்பி வையுங்கள். என் நிழல் ஜன்னல் வழியாக வெளியே விழுகிறது.