திராட்சைத் தோட்டத்தில் கத்தியவன் நான்

ஓடுகிறோம். காலை பத்து நாற்பது. 2006 ஜூலை. சண்டை தொடங்கி ஒன்பதாம் நாள். லெபனான் நாடு, பெக்கா பள்ளத்தாக்கு. திராட்சைக் கொடிகளுக்கு நடுவே குனிந்து ஓடுகிறோம். நானும் என் மச்சினன் ராஜவேலுவும். கொடி படரக் கட்டிய கம்பி முகத்தில் அடிக்கிறது. விமானம் போட்ட முதல் குண்டு கீழே பாலத்தில் விழுந்துவிட்டது. முதலில் வெளிச்சம். பிறகு சத்தம். அதற்கும் பிறகுதான் காற்று. இரண்டாவது குண்டு சாலையில். மண் கொட்டுகிறது.

எதிரே பழம் பிழியும் கட்டடம். அதன் அடியில் நிலவறை. வாசலில் தோட்டத்துக்காரம்மா நிற்கிறார். பிரெஞ்சுக்காரர். அறுபது வயது. மதாம் என்றுதான் கூப்பிடுவோம். இரண்டு கைகளாலும் கீழே, கீழே என்று காட்டிக் கத்துகிறார். ராஜவேலு என்னைவிட வேகமானவன். வாசலை அடைந்துவிட்டான். ஒரு கால் நிலவறைப் படியில்.

நான் பின்னாலிருந்து கத்துகிறேன்.

"ராஜா, மேல ஏறு! மேல ஏறுடா!"

திரும்பினான். என்னைப் பார்த்தான். படியிலிருந்து காலை எடுத்தான். பக்கத்துச் சுவரில் இரும்பு ஏணி. மொட்டை மாடிக்குப் போகிறது. ஏறினான்.

ஏன் அப்படிக் கத்தினேன்? அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் குமராட்சிக்காரர்கள். கொள்ளிடக்கரை. ராஜவேலு பிறந்தது கீரப்பாளையம்; ஆனால் அக்காவோடு எங்கள் வீட்டில்தான் இருந்தான். எங்களுக்குத் தெரிந்த சாவு தண்ணீரில்தான் வரும். 2004 டிசம்பரில் கடல் உள்ளே வந்தபோது ராஜவேலு கடலூர் முதுநகரில் ஐஸ் ஏற்றும் வேலையில் இருந்தான். லாரியின் மேல் ஏறினான். பிழைத்தான். அடுத்த வருடம் நவம்பரில் கொள்ளிடம் பெருகியது. அவன் எங்கள் வீட்டுக்குள் நின்று ரேஷன் கார்டைத் தேடிக்கொண்டிருக்கிறான். இடுப்பளவு தண்ணீர். அன்றும் நான்தான் கத்தினேன். அதே வார்த்தைதான். பள்ளிக்கூட மாடிக்கு ஏறினோம். ஒன்பது மணி நேரம் அங்கே நின்றோம். எங்கள் வீட்டுச் சுவர் விழுவதை மேலிருந்து பார்த்தோம். ஆபத்து என்றால் மேலே போ. எங்கள் உடம்புக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

வீடு போனது. நடவு போனது. அதனால் வெளிநாட்டுக்குக் கிளம்பினோம். முதுநகரில் ஓர் ஏஜென்ட், பிரெஞ்சுக்காரர் தோட்டம் என்றார். ஊரே நாங்கள் பிரான்ஸுக்குப் போவதாக நம்பியது. பெய்ரூட் பிரான்ஸில் ஓர் ஊர் என்று நாங்களும் நம்பினோம். இறங்கிய பிறகுதான் புரிந்தது. விழுந்து விழுந்து சிரித்தோம். வீட்டில் சொல்லவில்லை. எதற்கு வீண் பயம் என்று விட்டுவிட்டோம்.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் என் மனைவி அமுதா சொன்னது ஒன்றே ஒன்றுதான். "எந் தம்பிய ஒங்கள நம்பித்தான் அனுப்புறேன்."

அந்தத் தோட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் போனது என்ன என்று யாருக்கும் தெரியாது. மதாமின் தாத்தா சாலை போட வந்த என்ஜினியர். வேலை முடிந்தும் ஊர் திரும்பவில்லை. யாரும் சீந்தாத ஒரு கல்மேட்டை வாங்கினார். தெற்கு பிரான்ஸிலிருந்து கொடித் துண்டுகளை ஈரச்சாக்கில் சுற்றி வரவழைத்தார். அவருக்குப் பிறகு மகன். பிறகு பேரப்பிள்ளைகள், அதாவது மதாமும் அவர் அண்ணனும். கூலிக்காரர்களோடு அவர்களும் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு இறங்குவார்கள்.

வெள்ளை, ரோஜா நிறம், சிவப்பு. மூன்று ஒயின். சிவப்புக்குத்தான் பெயர். தோலோடு புளிக்கவிடுவார்கள். பிறகு ஓக் மரப் பீப்பாயில் இரண்டு வருடம். நிலவறைச் சுவரில் வருடத்துக்கு ஒரு மாடம். மாடத்துக்கு ஒரு பாட்டில். ஏழு மாடங்கள் காலி. அவை பழைய உள்நாட்டுச் சண்டையின் வருடங்கள். சிப்பாய்கள் தோட்டத்தில் தங்கி, கொடிகளை வெட்டி அடுப்பெரித்தார்களாம். அந்தக் காலி மாடங்களையும் மதாம் வாரம் தவறாமல் துடைப்பார்.

ராஜவேலுவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "இன்னா மாமா, தண்ணியே காட்டாம பயிர் வெக்கிறாங்க! நம்ம ஊர்ல சொன்னா அடிக்க வருவாங்க." தண்ணீர் குறைந்தால்தான் பழத்தில் சாரம் ஏறும் என்று மதாம் சைகையில் விளக்கினார். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆளுக்கு ஒரு கிளாஸ் கொடுப்பார். அவன் முகத்தைச் சுளிப்பான். "புளிச்ச காடி மாரி இருக்குது மாமா." ஆனாலும் ஒரு சொட்டு மிச்சம் வைக்கமாட்டான். நான்காவது மாதம், கண்ணை மூடிக்கொண்டு எந்தப் பீப்பாய் என்று வாசனையிலேயே சொன்னான். மதாம் அசந்துபோனார். அறுவடை முடிந்ததும் நிலவறை வேலைக்கு அவனை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அவன் அன்று முழுக்கப் பாடிக்கொண்டே இருந்தான்.

பத்து நாற்பத்தொன்று. அவன் ஏணியின் உச்சியில். நான் ஏணியை நோக்கி ஓடுகிறேன். நானும் ஏறத்தான் போனேன். மதாம் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். இரண்டு பேரும் படிகளில் உருண்டோம். மூன்றாவது குண்டு. சத்தம் கேட்கவில்லை. காது அடைத்துவிட்டது. வாசலில் காலிப் பெட்டிகளோடு நின்ற லாரியைக் குறிவைத்தார்கள் என்று பிறகு சொன்னார்கள்.

இருட்டு. பீப்பாய்கள் உடைந்திருக்கின்றன. பாதத்தில் ஈரம். கணுக்காலுக்கு ஏறுகிறது. தண்ணி வருது, தண்ணி வருது என்று நான் அலறினேன். படியைத் தேடி ஓடினேன். மதாமின் அண்ணன் என்னைக் கீழே தள்ளி என் மேலேயே உட்கார்ந்துகொண்டார். அது தண்ணீர் இல்லை. இரண்டு வருடத்துச் சிவப்பு. நான்கு மணி நேரம் அதில் கிடந்தோம். மேலே என் மச்சினன் இருக்கிறான் என்று தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தேன். யாருக்குப் புரியும்?

மூன்று மணிக்கு வெளியே வந்தோம். மாடி இல்லை. ஏணி இருந்தது. ராஜவேலுவைக் கொடிகளுக்கு இடையில் கண்டெடுத்தோம். முழுதாக இல்லை. இதற்கு மேல் எழுத என்னால் முடியாது. மதாமின் தாத்தா கல்லறைக்குப் பக்கத்தில் புதைத்தோம். உடலைக் கொண்டுபோக வழியில்லை. சாலையே இல்லை. ஐந்தாம் நாள் என்னை மட்டும் மலைப்பாதை வழியாகக் கூட்டிப்போய், இந்தியர்களை ஏற்ற வந்த கப்பலில் ஏற்றினார்கள்.

துறைமுகத்திலிருந்து அமுதாவுக்குப் போன் செய்தேன். டி.வி.யில் குண்டு விழுவதைப் பார்த்திருக்கிறாள். வேறு எந்த நாட்டிலோ நடக்கிறது என்று அடுப்பு வேலையைப் பார்த்திருக்கிறாள். சந்தோஷமாகப் பேசினாள். "ராஜா எங்க? போன அவங்கிட்ட குடுங்க."

சொன்னேன். குண்டு விழுந்தது. எல்லாரும் கீழே போனோம். அவன் மேலே ஓடிவிட்டான். அவ்வளவுதான் சொன்னேன். என் குரலை மட்டும் எடுத்துவிட்டேன். கோழை நான்.

ஐந்தரை வருடம் அப்படியே ஓட்டினேன்.

2011 டிசம்பர் 30. தானே புயல். காலை ஆறு மணி. காற்று ஊளையிடுகிறது. எங்கள் புது வீட்டு மாடியில் தகரம் பறக்கிறது. மாடியில் கட்டியிருந்த ஆட்டை அவிழ்க்க மகள் படியேறினாள். அமுதா கத்தினாள்.

"ஏறாதடி! ஒன் மாமன் மேல ஏறித்தான் செத்தான்! அறிவில்லாம ஏறித்தான் செத்தான்!"

மகள் இறங்கிவிட்டாள். பிழைத்தாள். நான் சுவரோடு நின்றேன். அறிவில்லாமல் என்கிறாள். படியில் கால் வைத்தவன் அவன். என் பேச்சைக் கேட்டவன். என் முட்டாள்தனத்தைச் செத்தவன் தலையில் கட்டிவிட்டு இத்தனை வருடம் சோறு தின்றிருக்கிறேன்.

ஜனவரியில் ஒரு காலை. மகள் பள்ளிக்கூடம் போன பிறகு சொன்னேன். எதையும் விடவில்லை. அமுதா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள். ஒன்றுதான் கேட்டாள்.

"நீங்க கத்தனப்ப, அவன் ஒங்களத் திரும்பிப் பாத்தானா?"

"பாத்தான்."

அழவில்லை. பையில் இரண்டு புடவை எடுத்து வைத்தாள். பதினொன்றரை மினி பஸ்ஸில் கீரப்பாளையம் போய்விட்டாள். அவள் பிறந்த வீடு. ராஜவேலுவின் வீடு.

போனவை இவை.

ராஜவேலு. இருபத்து நான்கு வயது.

வாசலில் நின்ற லாரியில் இருந்த கூலிக்காரர்கள், சிரியாக்காரர்கள் மூன்று பேர். ஒருவன் பெயர் யூசுப். மற்ற இருவரின் பெயரை நான் கேட்டு வைக்கவில்லை.

நாற்பத்தொரு பீப்பாய் சிவப்பு. பதினெட்டு வரிசைக் கொடி, தாத்தா நட்டது. அந்த வருடம் அறுவடையே இல்லை என்று மதாம் கடிதம் போட்டிருந்தார். புதுச்சேரியில் பிரெஞ்சு தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டேன்.

என் இடது காது.

அமுதா போய்ப் பதினேழு நாள் ஆகிறது. போன் செய்தால் எடுப்பதில்லை. அவளையும் இந்தக் கணக்கில் எழுதுவதா என்று எனக்குத் தெரியவில்லை.