பதினாறுல பாதி

— இன்னொரு தடவை தள்ளிப் பார்ப்போம்மா. தம் பிடிச்சு!

— வேண்டாங்க. வாஷிங் மெஷின் ஆடி ஆடி பாத்ரூம் கதவுக்கிட்ட நகர்ந்து வந்து, கால் ஒண்ணு தண்ணி போற ஓட்டைக்குள்ள இறங்கிடுச்சு. அது அங்க நிக்கிறப்ப கதவை எப்படி உள்பக்கம் திறப்பீங்க?

— நிறுத்தவாவது நிறுத்தேன். கப்பல் இன்ஜினையே நிறுத்துறவ நீ!

— பட்டன் எல்லாம் கதவுப் பக்கம் திரும்பிக்கிச்சு. சுவிட்சு வெளியில. போன் ரெண்டும் வெளியில.

— பதினோரு மணிக்கு உன்னைக் கூட்டிட்டுப் போகக் கார் வந்துடுமே?

— ஹாரன் அடிச்சுப் பார்த்துட்டுப் போயிடும். கப்பல் எனக்காகக் காத்திருக்குமா என்ன?

— எனக்கு மூச்சு முட்டுதும்மா. ஜன்னல்கூடக் கை அகலம்தான்.

— புலம்பாம அந்தப் பேஸ்ட் டப்பாவைக் கிழிச்சு, அட்டையை அந்தப் பேஸ்ட்டாலயே மெஷின் மேல ஒட்டுங்க. என்கிட்ட கண்மைப் பென்சில் இருக்கு.

— இப்ப எதுக்கு அலங்காரம்?

— பென்சிலை நான் ஆடாம பிடிச்சுக்கிறேன். மெஷின் ஆடுற ஆட்டத்துக்கு அட்டையில தானா கோடு விழும். கப்பல்ல என் வேலையே இதுதானே... பாருங்க. என் கட்டைவிரல் நகத்து நீளம். பதினாறு மில்லிமீட்டர்.

— அம்மாடி, பதினாறு மில்லி ஆட்டமா!

— பதினாறுல பாதி. நடுவுல இருந்து ஒரு பக்கம் எவ்வளவு போகுதோ, அதுக்குத்தான் வீச்சுன்னு பேரு. எட்டு.

— சரி, எட்டு. கதவு திறந்துடுமா?

— திறக்காது. உள்ள என்ன கிடக்குன்னு சொல்லும். டிரம்மோட நடுவுக்கும் ஓரத்துக்கும் இருநூறு மில்லி. எட்டுங்கிறது அதுல இருபத்தஞ்சுல ஒரு பங்கு. அப்போ ஆட்டுற பாரமும் மெஷின் எடையில அதே பங்குதான். மெஷின் அம்பது கிலோ. அதுல இருபத்தஞ்சுல ஒரு பங்கு எவ்வளவு?

— ...ரெண்டு கிலோ.

— ரெண்டு கிலோ, ஒரே பக்கமா உட்கார்ந்துக்கிட்டு ஆட்டுது. நான் போட்டது நாலு துண்டு. என்னங்க, முழியே சரியில்லையே?

— எனக்கென்ன தெரியும்?

— என் பூட்ஸ் ஒண்ணு ஒரு கிலோ. முன்னாடி இரும்பு வெச்சது.

— பூட்ஸா? எந்தப் பூட்ஸ்?

— ரெண்டும் பிரியாம ஒரே பக்கம் கிடக்கே, லேஸைச் சேர்த்து முடிச்சுப் போட்டீங்களா?

— போட்டேன். ஊறிப்போச்சுன்னா மாட்ட முடியாது, பூட்ஸ் இல்லாம கப்பல்ல ஏத்த மாட்டாங்கன்னு நினைச்சேன். கிறுக்குத்தனம்தான். திட்டு.

— போகாதேன்னு வாயால சொல்ல வேண்டியதுதானே?

— எப்படிச் சொல்றது? நீ கஷ்டப்பட்டுப் பிடிச்ச வேலை. நான் தடுத்தேன்னு ஆயிடக் கூடாதுல்ல. போன தடவை நீ வந்தப்போ பாப்பா உன்னை ஆன்ட்டின்னு கூப்பிட்டா. நீ அடுப்படியில நின்னு அழுதே. நான் பார்த்தேன். இன்னும் எட்டு மாசமா? போகாதேம்மா. என்னால முடியல.

— இதைச் சொல்ல உங்களுக்கு நாலு கப்பல் ஆச்சு.

— ஹாரன் கேக்குது! கார் வந்துடுச்சு. கத்தட்டுமா? கதவை உடைச்சாவது உன்னை வெளிய எடுத்துடுவாங்க. என் தப்புக்கு நீ ஏன் மாட்டிக்கணும்?

— கத்தாதீங்க. மூணு மணிக்கு உங்க தங்கச்சி பாப்பாவைக் கூட்டிட்டு வருவா. அவகிட்ட சாவி இருக்கு. நானா வரலைன்னு சொன்னா அப்புறம் எந்தக் கப்பலும் என்னைக் கூப்பிடாது. பாத்ரூம்ல மாட்டிக்கிட்டவளை யாரு குத்தம் சொல்லப் போறாங்க?

— இரு இரு. சோப்பு எடுத்துக் குடுங்க, கதவைச் சாத்துங்க, பல்லி வரும்னு என்னை உள்ள கூப்பிட்டதே நீதானே?

— நீங்க பூட்ஸைப் போட்டதை அப்பவே பார்த்துட்டேங்க. கதவு வரைக்கும் நகருமான்னு கணக்குப் போட்டுப் பார்த்துட்டுத்தான் சுவிட்சையே போட்டேன்.