பத்தாவது இழை

பன்னிரண்டரை மணிக்கெல்லாம் எனக்குப் பசி எடுத்துவிடும். ஸ்ரீரங்கத்திலிருந்து காலை எட்டரைக்கு ஒன்றாம் நம்பர் பஸ் ஏறுகிறவனுக்கு அது இயற்கைதான். டிபன் பாக்ஸில் தயிர்சாதமும் மாவடுவும் இருக்கும். அதைத் திறப்பதற்கு முன்னால் நான் ஒரு வேலையை முடித்தாக வேண்டும். நடந்ததற்கெல்லாம் காரணம் அந்த வேலைதான். எழுத்தில் விளக்கம் கேட்டீர்கள், மகாலட்சுமி மேடம். எழுதுகிறேன். முதலாளியும் இதைப் படிப்பார் என்றீர்கள். அவருக்கு ஜவுளி தெரியும், புரோகிராம் தெரியாது. அதனால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

ஐம்பது வயது நிறைந்த அன்று பெருமாள் சன்னிதியில் நின்று ஒரு சங்கல்பம் செய்துகொண்டேன். தினமும் ஒருவருக்காவது சிறு உதவி செய்யாமல் மதியச் சாதத்தைத் தொடுவதில்லை. பெரிய தர்மங்களுக்கு எனக்கு வசதியில்லை. சின்னச் சின்ன நல்லதுகளால்தான் உலகம் நடக்கிறது என்று நம்புகிறவன் நான். இன்றைக்கும் நம்புகிறேன்.

முதல் வருடம் சிரமம் இல்லை. பிறகு தலை நரைத்தது. பஸ்ஸில் நான் எழுந்து இடம் கொடுத்தால், "நீங்க உக்காருங்க பெரியவரே" என்று நாலு பேர் எழுந்தார்கள். மலைக்கோட்டைக் கடைவீதியில் ஒரு அம்மாளின் பையைத் தூக்கப் போனேன். அவர் என் பையையும் சேர்த்து வாங்கிக்கொண்டார். அலுவலகத்தில் நாம் ஏழே பேர். எல்லோரும் கெட்டிக்காரர்கள். ஒருநாள் மூன்றரை மணி வரைக்கும் பட்டினி. அன்றைக்குத்தான் தைரியராஜின் ஸ்கூட்டரில் காற்று இறங்கியிருந்தது. அவர் தள்ளிக்கொண்டு கிளம்புவதற்குள் கைப்பம்பை எடுத்துக் கொடுத்தேன். "தெய்வம் மாதிரி வந்தீங்க சார்" என்றார். அடுத்த வாரம் இரண்டு முறை இறங்கியது. டயரைக் குறை சொல்ல முடியாது. வால்வைத் திறந்தால் எந்த டயரிலும் காற்று இறங்கும்.

அதற்கப்புறம்தான் அல்ஷிஃபா வேலைக்கு வந்தாள். கே.கே. நகர்ப் பெண். ஆறு மாதம் தகுதிகாண் காலம். அதற்குள் நிரந்தரம் ஆகாவிட்டால் வேலையை விட்டுவிட வேண்டும் என்று வீட்டில் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்கள். வந்த முதல் நாளே இதை என்னிடம் சொன்னாள். அவளுக்கு நீங்கள் கொடுத்தது ஒரே வேலை. கீழே முதலாளியின் ஜவுளிக்கடையில் பில் போடும் புரோகிராம், காலைக் கூட்டத்தில் வாரம் ஒருமுறை அப்படியே நின்றுவிடுகிறது. ஏன் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

அந்தப் புரோகிராமுக்குள் பத்து இழைகள் ஒரே சமயத்தில் ஓடுகின்றன. ஒன்பது இழைகள் ஒன்பது கவுண்டர்களைப் பார்த்துக்கொள்ளும். பத்தாவது, சரக்கு இருப்பைப் பார்த்துக்கொள்ளும். எங்கே சிக்கல் என்று அறிய, டிபக்கர் என்னும் கருவியை ஓடுகிற புரோகிராமோடு ஒட்டவைத்து, அது நிற்கிற கணத்தில் ஒவ்வொரு இழையாக நாடி பிடித்துப் பார்க்க வேண்டும். ஒரு விதி உண்டு. ஓர் இழையை ஒரு நேரத்தில் ஒருவர்தான் பிடிக்க முடியும். இரண்டாவதாக வருகிறவருக்கு அனுமதி இல்லை என்று பதில் வரும்.

நான் தினமும் காலை ஒன்பதரைக்கு, என் மேசையிலிருந்தே, பத்தாவது இழையை மட்டும் பிடித்துக்கொள்வேன். அதை நிறுத்துவதில்லை. கைபிடித்து நடத்திக்கொண்டு போகிற மாதிரிதான். கடையில் ஒரு பில் கூடத் தாமதமாகவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அல்ஷிஃபாவின் டிபக்கர் ஒன்பது இழைகளைப் பிடிக்கும், பத்தாவதில் வழுக்கும். அவள் மாற்றி மாற்றி முயன்று பார்ப்பாள். பன்னிரண்டரை ஆனதும் என் பிடியை விட்டுவிட்டு, மெதுவாக அவள் மேசைக்குப் போவேன்.

"என்னம்மா, இன்னிக்கும் மக்கர் பண்றதா?"

"ஆமா சார். எனக்கு மட்டும் ஏன் சார் இப்படி?"

"எனக்கும் ஆரம்பத்துல இப்படித்தாம்மா. எங்கே, இன்னொரு தரம் ஒட்டு பாப்போம்."

ஒட்டும். அவள் முகம் மலரும். நான் போய்ச் சாப்பிடுவேன்.

ஏன் சரியாயிற்று என்று அவள் கேட்பாள். கேட்கிற குழந்தைக்குப் பதில் சொல்லாமல் இருக்க மனம் வருமா? ஒருநாள் பழைய பதிப்பு என்பேன், ஒருநாள் நூலகக் கோப்பு பொருந்தவில்லை என்பேன், ஒருநாள் அனுமதி அமைப்பு என்பேன். அவள் நீல நோட்டில் எண் போட்டு எழுதிக்கொள்வாள். ஐந்து மாதத்தில் நாற்பத்தொரு காரணங்கள் சேர்ந்தன. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

ஆறாம் மாதம் நீங்கள் அவளை அழைத்து, இதுவரை கற்றதைச் சொல்லச் சொன்னீர்கள். அவள் நோட்டைத் திறந்து வாசித்தாள். பன்னிரண்டாவது காரணத்தில் நீங்கள் சிரித்துவிட்டீர்கள். இருபதாவதில் போதும் என்றீர்கள். நிரந்தரம் செய்ய முடியாது என்று நீங்கள் சொன்னபோது, அவளுக்காகப் பேசியவன் நான் ஒருவன்தான். "இன்னும் மூணு மாசம் கொடுங்கோ மேடம், நான் கூட இருந்து பாத்துக்கறேன்" என்றேன். நீங்கள் சம்மதித்தீர்கள். அவள் அழுதுவிட்டாள். மறுநாள் அவளுடைய அம்மா கமர் ஜஹான், எனக்கென்று ஒரு டப்பா பேரீச்சம்பழம் கொடுத்தனுப்பினார். அதைச் சாப்பிடும்போது மனது நிறைந்திருந்தது. மூன்று மாதத்துக்குக் கவலையில்லை.

நான் அகப்பட்டது ஏகாதசியால். அன்று முழு உபவாசம். சாப்பாடு இல்லாத நாளில் உதவிக்கு அவசியம் இல்லை. ஆகவே அன்று மட்டும் இழையைத் தொடமாட்டேன். தேவையில்லாமல் ஒருவரைத் துன்பப்படுத்துவது எனக்குப் பிடிக்காது.

போன ஏகாதசியன்று, எனக்குப் பின்னால் நின்று அவள் தைரியராஜிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, இந்த டிபக்கர் பிறை பாக்குது."

"என்னாது?"

"சிரிக்காதீங்க. தேதியெல்லாம் குறிச்சு வச்சிருக்கேன். எந்த மாசமா இருந்தாலும் எங்க காலண்டர்ல பிறை ஒம்போது இல்ல பத்து. அப்புறம் இருபத்துநாலு இல்ல இருபத்தஞ்சு. அன்னிக்கு மட்டும் காலையிலயே ஒழுங்கா ஒட்டுது. மத்த நாள் பன்னண்டரைக்குத்தான்."

"பாவம், அன்னிக்கு அதுக்கு நோன்பா இருக்கும். விட்டுரும்மா."

தைரியராஜ் விளையாட்டாகத்தான் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. என் மேசையில் டிபன் பாக்ஸ் வழக்கமாக இருக்கும் இடத்தைப் பார்த்தாள்.

"சார், நீங்க இன்னிக்கு சாப்பாடு கொண்டு வரலையா?"

"ஏகாதசிம்மா."

"மாசத்துல ரெண்டு தடவை வருமோ சார்?"

"ஆமாம்மா" என்றேன். பொய் சொல்லும் வழக்கம் எனக்கில்லை.

மறுநாள் அவள் பன்னிரண்டரை வரை எனக்காகக் காத்திருக்கவில்லை. ஓர் இழையை யார் பிடித்திருக்கிறார்கள் என்பதை, அந்த இழைக்கான குறிப்பில் கணினியே ஒரு வரியாக எழுதி வைத்திருக்கும்; யாரும் பிடிக்கவில்லை என்றால் பூஜ்யம். ஐந்து மாதமாக அவள் புரோகிராமின் பொதுக் குறிப்பை மட்டும் பார்த்து, பூஜ்யம் என்று திருப்திப்பட்டிருந்தாள். நான் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன், பதினான்காவது காரணத்தில். அன்று பத்து இழைகளின் குறிப்புகளையும் தனித்தனியே பார்த்தாள். ஒன்பதில் பூஜ்யம். பத்தாவதில் ஓர் எண். அந்த எண் என் கணக்கில் ஓடுகிற சின்னப் புரோகிராமுடையது.

நீல நோட்டோடு என் முன்னால் வந்து நின்றாள்.

"இதுல ஒண்ணாவது நெசமா சார்?"

"பதினேழாவது நெசம்மா. ஆனா அது வேற புரோகிராமுக்கு."

"எங்கம்மா தொழுகையில உங்களுக்காக துஆ கேக்குறாங்க சார், தெரியுமா?"

தெரியாது என்றேன். கேட்கச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் சொன்னேன்.

"இனிமே எனக்கு ஒரு உதவியும் பண்ணாதீங்க. அதுவே பெரிய உதவி."

அதை அன்றைய உதவியாக எடுத்துக்கொள்ளலாமா என்று வெகுநேரம் யோசித்தேன். அதற்குள் அவள் என் புரோகிராமை நிறுத்திவிட்டு, பதினொரு மணிக் கூட்டத்தில் பில் புரோகிராம் நின்ற கணத்திலேயே சிக்கலைப் பிடித்துவிட்டாள். நாலாவது கவுண்டரும் பத்தாவது இழையும், ஒன்றுக்கு வேண்டியதை மற்றது வைத்துக்கொண்டு, ஒன்றையொன்று எதிர்பார்த்து நின்றிருந்தன. இருபது நிமிட வேலை. ஐந்து மாதத்துக்கு முன்பே முடித்திருப்பாள்.

ஆகவே, எல்லாம் நான் செய்ததுதான். தைரியராஜின் வால்வு, அல்ஷிஃபாவின் இழை, அவள் நோட்டிலுள்ள நாற்பது பொய்கள், அவளுக்கு முன்னால் இதே நாற்காலியில் இருந்து, தனக்கு இந்தத் தொழில் வராது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போன அஜித். அல்ஷிஃபாவை இன்றே நிரந்தரம் செய்யுங்கள். அவளுக்குத் தகுதி உண்டு என்பதற்கு என்னைவிட நல்ல சாட்சி கிடையாது. யாருக்கும் கெடுதல் நினைத்ததில்லை என்பதற்குப் பெருமாள் சாட்சி.

மணி ஒன்று பத்து. இந்தக் கடிதம் ஒரு பெண்ணின் வேலையைக் காப்பாற்றும். இதையே இன்றைய உதவியாக வைத்துக்கொண்டு நான் சாப்பிடப் போகிறேன்.

இதை அச்சடித்து முதலாளிக்கு அனுப்ப வேண்டும் என்றீர்கள். உங்கள் அறைப் பிரிண்டர் காலையிலிருந்து ஓடவில்லை என்று கேள்விப்பட்டேன். சிரமப்படாதீர்கள் மேடம். நாளை பன்னிரண்டரைக்கு நானே வந்து பார்க்கிறேன்.