வியாழக்கிழமை மூணு மணி

— என்ன கண்டக்டரே, கேக்காமலே ரிமோட்டைத் தூக்கிக் குடுக்கறீங்க? உடம்பு கிடம்பு சரியில்லையா?

— ரெண்டு கிட்னியும் போய் மெஷின்ல மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கறவன்கிட்ட கேக்கற கேள்வியா இது, டெய்லரம்மா?

— அது பழைய கதை. ரெண்டு வருஷமா செவ்வா, வியாழன், சனின்னு பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஒரு நாளாவது நான் கெஞ்சாம இது என் கைக்கு வந்திருக்கா?

— அதான் வந்துடுச்சுல்ல. ரைட்டு, போட்டுக்குங்க உங்க பனி சர்க்கஸை, அந்தக் குளிர்கால ஒலிம்பிக்ஸை.

— சீரியல் வேணாமா? இன்னிக்கு அந்த மாமியார் ஜெயில்லேருந்து வெளிய வர்றாளே?

— வந்து என்ன கிழிக்கப் போறா? நானூறு எபிசோடா உள்ள போறதும் வர்றதுமா இருக்கா. நீங்க போடுங்க.

— சிஸ்டர், இங்க வந்து பாருங்க, கண்டக்டர் திருந்திட்டாரு!

— அக்கா, கையை ஆட்டாதீங்க. ஊசி அசைஞ்சா மெஷின் கத்தும். இன்னும் ரெண்டேகால் மணி நேரம் இருக்கு. உங்களுக்கு இன்னிக்கு மூணு கிலோ தண்ணி எடுக்கணும். அப்படி என்ன குடிச்சீங்க, குளத்தையா?

— நாக்கை நனைச்சேன் சிஸ்டர். அவ்வளவுதான்.

— மூணு கிலோவுக்கு நனைச்சிருக்கீங்க.

— போயிட்டாங்களா? அப்பா. கண்டக்டரே, இதைப் பாருங்க. நாலு தடியனுங்க பனிமேல ஒரு தொட்டியைத் தள்ளிக்கிட்டே ஓடறானுங்க.

— ஓடற வண்டியில ஏறாதேடா, ஏறாதேடான்னு முப்பத்தொரு வருஷம் தொண்டை கிழியக் கத்தினேன். இவனுங்க நாலு பேரும் ஓடற வண்டியில தொத்திக்கறதுக்குன்னே பயிற்சி எடுத்து, அதுக்கு மெடல் வேற வாங்கறானுங்க. எங்க போய் முட்டிக்கறது?

— கடைசியா ஏறினான் பாருங்க, அவன்தான் நீங்க. பின்னாடி உக்காந்து பிரேக் போடறவன்.

— கண்டக்டர் எந்த ஊர்லம்மா பிரேக் போட்டான்? ஒண்ணும் தெரியாமலே ஒரு மாசமா பாக்கறீங்க.

— தெரிஞ்சாத்தான் பாக்கணுமா? இருங்க, மாத்தறேன். இந்த ஜோடி டான்ஸ்தான் எனக்கு உசிரு. அவன் அவளைப் பாக்கற பார்வையைப் பாருங்க. நம்ம டிவி டான்ஸ் போட்டியில ஆடறதுகளுக்கு இதுல கால்வாசி வருமா? புருஷன் பொண்டாட்டின்னா இப்படி இருக்கணும்.

— அக்கா, அவங்க அண்ணன் தங்கச்சி.

— என்ன சிஸ்டர் சொல்றீங்க?

— கூடப் பொறந்தவங்க. என் போனைத் தொறந்தா அவங்க வீடியோதான் வருது.

— அட கர்மமே! நான் மனசுக்குள்ள அவங்களுக்குக் கொழந்தை பொறந்து பேரு வரைக்கும் வச்சுட்டேனே!

— சிரிக்க வைக்காதீங்க டெய்லரம்மா, எனக்குக் கை வலிக்குது. ஆமா, அந்தப் பொண்ணுக்கு முதுகு பூராத் தொறந்து கிடக்கே, குளிராது?

— எங்க தொறந்து கிடக்கு? அது தோல் கலர் வலைத்துணி. உடம்போட ஒட்டினாப்புல தைக்கணும், கல்லு வேற பதிக்கணும். அவ காலைத் தலைக்கு மேல தூக்கறா, ஒரு நூல் பிரியல பாருங்க. தச்சவ கையை எடுத்துக் கண்ணுல ஒத்திக்கலாம். அதைப் பாக்கத்தான் நான் இதைப் போட ஆரம்பிச்சதே.

— நெசமாவா?

— இல்ல. தண்ணிக்குத்தான்.

— தண்ணியா?

— ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்னு அளந்து குடிக்கறவ கண்ணுக்கு முன்னாடி, ஒரு மைதானம் பூரா ஐஸு. ஒருத்தர்கூட அதைத் தொட்டு நாக்குல வச்சுக்கறதில்ல. மேல ஓடறாங்க, கீறறாங்க, விழுந்து பொரள்றாங்க. எனக்கு இங்க வாய் ஊறுது.

— நடுவுல ஒரு வண்டி வருமே. மெதுவா உருண்டு, தண்ணி விட்டு வழிச்சுக்கிட்டே போகுமே.

— ஆமாமா!

— அது வர்றப்ப மட்டும் நான் கண்ணாடி போட்டுக்குவேன். நீங்க கவனிச்சதில்ல.

— கள்ளன்யா நீங்க. சீரியல் சீரியல்னு என்கிட்ட சண்டை போட்டுட்டு! சரி, ஒண்ணு கேக்கறேன். வந்ததும் உங்க போர்வையை எதுக்கு என் நாற்காலியில போட்டீங்க?

— குளிருது குளிருதுன்னு சொல்லுவீங்களே.

— ரெண்டு வருஷமாத்தான் சொல்றேன். அடுத்த தடவையிலேருந்து ஜன்னலோர நாற்காலியையும் எனக்கே குடுக்கச் சொன்னீங்களாமே சிஸ்டர்கிட்ட?

— வெளிச்சம் கண்ணைக் கூசுதும்மா.

— அந்த மூலை மெஷின்ல இருந்த பேங்க்காரர் கடைசியா வந்தன்னிக்குத் தலையணையைக் குடுத்துட்டுப் போனாரு. யாருக்கு? உங்களுக்கு. இப்பவும் உங்க தலைக்குக் கீழ இருக்கு. பன்னண்டாம் நாள் சாவுச் சேதி வந்துச்சு. நான் தையக்காரிங்க. இந்தப் பக்கம் இழுத்தா எந்தப் பக்கம் சுருங்கும்னு எனக்குத் தெரியும். இன்னிக்குச் செவ்வா. வியாழக்கிழமை வருவீங்களா?

— மெல்லப் பேசுங்க.

— வருவீங்களா, மாட்டீங்களா?

— மாட்டேன்.

— சனிக்கிழமை?

— ஸ்டாப்பிங் வந்துட்டா இறங்கணும் டெய்லரம்மா. அவ்வளவுதான். இதுல அழறதுக்கு ஒண்ணும் இல்ல.

— நான் ஒண்ணும் அழல. நடு ரோட்டுல குதிக்கறதுக்குப் பேரு ஸ்டாப்பிங்கா? உங்க பொண்ணுக்குத் தெரியுமா?

— வாரத்துக்கு ரெண்டு தடவை போதும்னு டாக்டர் சொல்லிட்டாருன்னு சொல்லி வச்சிருக்கேன். இனிமே செவ்வாயும் சனியும்தான்னு. அடுத்த வாரம், ஒரு தடவை போதுமாம்னு சொல்லுவேன்.

— அதுக்கடுத்த வாரம்?

— அதுக்கடுத்த வாரம் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது.

— எப்படிங்க இவ்வளவு சாதாரணமா சொல்றீங்க?

— அவளுக்குப் பெரிய ஊர்ல பெரிய வேலை வந்துச்சு. எத்தனை வருஷம் அதுக்காக ஆலாப் பறந்தா தெரியுமா? போன்ல மேலதிகாரிகிட்ட சொல்றா, "அப்பா இருக்கற வரைக்கும் முடியாது சார்." நான் பக்கத்து ரூம்ல உக்காந்து சாக்ஸ் மாட்டிக்கிட்டு இருக்கேன். எரிஞ்சு விழுந்தாலாவது எனக்குத் தாங்கியிருக்கும். அவ குரல்ல எரிச்சலே இல்ல. மழை பெஞ்சா குடை எடுக்கணும்னு சொல்ற மாதிரி சொன்னா. என்னை இந்த மெஷின் கட்டிப் போட்டிருக்கு. அவளை யாரு கட்டிப் போட்டிருக்கா? நான்தானே?

— அவகிட்ட கேட்டீங்களா?

— கேட்டா அழுவா.

— இப்படிச் சொல்லாமக் கொள்ளாமப் போனா அழ மாட்டாளா? அஞ்சு மணிக்கு உங்களைக் கூட்டிட்டுப் போக வருவால்ல? நானே சொல்றேன்.

— வேணாம். உங்ககிட்ட மட்டும்தான் வாயைத் தொறந்திருக்கேன். எழுந்து வந்து உங்க காலைப் புடிப்பேன், இந்த ட்யூப் விட மாட்டேங்குது.

— நானும் எழுந்து வந்து உங்களை ஒரு அறை விடுவேன். எனக்கும் ட்யூப்பு.

— அண்ணே! கையை மடக்கிட்டீங்க. மெஷின் கத்தறது காதுல விழல? நீட்டுங்க. ரெண்டு பேருக்கும் என்ன இன்னிக்கு? ரிமோட்தான் அக்காகிட்ட இருக்கே, இன்னும் என்ன சண்டை?

— ஒண்ணுமில்ல சிஸ்டர். கண்டக்டருக்குச் சீக்கிரம் இறங்கணுமாம்.

— இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு அண்ணே. எல்லாருக்கும் ஒரே டைம்தான்.

— கேட்டீங்களா? எல்லாருக்கும் ஒரே டைம்தானாம். எனக்கும் தோணும் கண்டக்டரே. ஒவ்வொரு செவ்வாயும் படியேறறப்பத் தோணும், திரும்பிப் போயிடலாம்னு. போய் என்ன பண்றது? ஒரு சொம்பு தண்ணியை அண்ணாந்து குடிச்சுட்டுப் படுத்துக்கலாம்னு. அப்புறம் மேல வந்தா நீங்க ரிமோட்டை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருப்பீங்க. வர்ற கோவத்துல மத்தது மறந்து போகும். அந்தப் பக்கத்து நாற்காலி காலியா இருந்தா நான் எதை மறக்கறது? எனக்குப் பயமா இருக்குங்க.

— ம்.

— என்ன ம்?

— டிவியில மஞ்ச ரிப்பன் வந்துட்டா. பாருங்க.

— பேச்சை மாத்தறீங்க.

— தலை ரிப்பனைப் பாத்து நீங்கதானே அவளுக்கு அந்தப் பேரு வச்சீங்க? என் பொண்ணு பள்ளிக்கூடத்துக்கு இதே மாதிரிதான் கட்டிக்கிட்டுப் போவா. எது, இந்தப் பாட்டு சினிமாப் பாட்டா?

— ஆமா, வெறும் வாத்தியத்துல வாசிக்கறாங்க. அடடா. பாருங்க, பின்னாடியே போறா. பாக்காமயே போறா. தாவப் போறா. ஐயோ!

— கையை ஊணிட்டாளே! போச்சா?

— விழல, விழல. விழுந்தாலும் போகாது. பாட்டை நிறுத்த மாட்டாங்க, அது பாட்டுக்கு ஓடும். எழுந்து, பாட்டு எங்க போயிட்டிருக்கோ அங்க போய் ஒட்டிக்கணும்.

— கொடுமையா இல்ல இருக்கு? புள்ள விழுந்து கிடக்கு, ஒரு நிமிஷம் நிறுத்தினா என்ன?

— நமக்கு யாரு நிறுத்தினா?

— மார்க் வந்துடுச்சு. எத்தனாவது?

— நாலாவது.

— மெடல் மூணு பேருக்குத்தானே? நாலாவதுன்னா சீட்டு இல்லாம கம்பியைப் புடிச்சுக்கிட்டு நிக்கறவ. இது இப்ப நடக்கறதுதானே?

— இப்பத்தான். சுடச்சுட.

— பனியில என்ன சுடச்சுட?

— ரெண்டாவது ஆட்டத்துலதான் முடிவு. அதுல மூணு சுத்து சுத்தித் தாவுவா பாருங்க, அதைச் சரியாப் போட்டுட்டான்னா மெடல்தான். வியாழக்கிழமை மூணு மணிக்குப் போடறான்.

— அக்கா, அந்தப் பொண்ணா? அந்தப் பொண்ணுதான் போன வாரமே—

— சிஸ்டர்! எனக்குத் தலை சுத்துது. பிரஷர் பாருங்க.

— இவ்வளவு நேரம் நல்லாத்தானே இருந்தீங்க?

— இப்பச் சுத்துது. பாருங்கன்னா பாருங்க!

— நூத்தி இருபது. நார்மலா இருக்கு அக்கா.

— அப்ப சரி. நீங்க அந்த ஓரத்துப் பாட்டுக்காரரைப் போய் கவனிங்க, பாவம், ரொம்ப நேரமா கூப்பிடறாரு.

— அவரு தூங்கறாரே?

— தூக்கத்துல கூப்பிட்டாரு. போங்க சிஸ்டர். கண்டக்டரே, நீங்க ஏன் சுவத்தைப் பாத்துக்கிட்டு இருக்கீங்க?

— சும்மா. ஒண்ணுமில்ல.

— மூணு சுத்து. மனசுல வச்சுக்குங்க. இன்னிக்கு அதை அவ போடவே இல்ல, வியாழக்கிழமைக்குன்னு எடுத்து வச்சிருக்கா.

— எடுத்து வச்சிருக்காளா. ரைட்டு.

— அண்ணே, உங்களுக்கு முடிஞ்சுது. ஊசியை எடுக்கறேன். இந்தப் பஞ்சை அழுத்திப் புடிங்க, பத்து நிமிஷம் விடக்கூடாது. அக்கா, உங்களுக்கு மூணு கிலோ, இன்னும் அரை மணி நேரம் இருங்க. உங்க பொண்ணு வந்துட்டாங்க அண்ணே.

— அப்பா, முடிஞ்சுதா? அக்கா, எப்படி இருக்கீங்க? ஏன் கண்ணெல்லாம் செவந்திருக்கு?

— டிவி பாத்தேம்மா.

— வியாழக்கிழமை உங்களுக்குத்தான் பேச்சுத் துணை இல்லாம போகப்போகுது. அப்பாவுக்கு இனிமே ரெண்டு நாள் போதும்னு டாக்டர் சொல்லிட்டாராமே! கேட்டதுலேருந்து எனக்குக் கால் தரையில நிக்கல. நல்ல சேதிதானே அக்கா?

— உங்கப்பாவையே கேளும்மா.

— அப்பாவையா? என்னப்பா?

— நீ போய் வண்டியைத் திருப்பி வாசல்ல நிறுத்தும்மா. நான் பின்னாடியே வர்றேன்.

— பஞ்சை அழுத்திப் புடிச்சுக்கிட்டே வாங்க. வர்றேன் அக்கா.

— டெய்லரம்மா, காட்டிக் குடுக்கல. ரொம்ப நன்றி.

— உங்க நன்றியைத் தூக்கிக் குப்பையில போடுங்க. நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. அந்தப் புள்ள சந்தோஷத்தைப் பாத்து வாயடைச்சுப் போச்சு. இந்தாங்க, உங்க போர்வை. எனக்கு வேணாம்.

— வச்சுக்குங்க, குளிரும்.

— அந்த மஞ்ச ரிப்பன் ஜெயிச்சாளா தோத்தாளான்னு தெரியாமலே போயிடுவீங்களா? மனசு கேக்குமா? மூணு மணிங்க. ஒரே ஒரு வியாழக்கிழமை.

— டெய்லரம்மா, அந்தப் போட்டி முடிஞ்சு ஒன்பது நாளாச்சு.

— யாரு சொன்னது? சிஸ்டரா?

— எடை பாக்கற இடத்துல பழைய பேப்பர் கிடக்குமே. போன செவ்வாயே பாத்துட்டேன். அரைப் பக்கத்துக்குப் படம். ரிப்பன் அவுந்து, பனியில குப்புற விழுந்து கிடந்தா.

— தெரிஞ்சுக்கிட்டேதான் இவ்வளவு நேரம் என்கூட உக்காந்து கேட்டீங்களா?

— நீங்க பிரஷர் பாக்கச் சொன்னீங்க பாருங்க, அப்ப சிரிப்பை அடக்கறதுக்குள்ள எனக்கு உசிரு போய் உசிரு வந்துச்சு. எனக்காக இவ்வளவு பெரிய பொய் யாரும் சொன்னதில்ல.

— அப்ப வர மாட்டீங்க. சரி, போங்க.

— படம் புடிச்சவன் விழுந்ததைத்தான் புடிச்சிருக்கான். கீழ இருந்த பொடி எழுத்து என் கண்ணுக்குத் தெரியல. எழுந்து பாட்டோட போய் ஒட்டிக்கிட்டாளா?

— தெரியாது. நெசமாவே தெரியாது. சிஸ்டர் போன்ல காட்டினாங்க, அவ விழுந்ததும் நான் கண்ணை மூடிட்டேன்.

— ரைட்டு. நான் கீழ போய், பொண்ணுகிட்ட சொன்ன பொய்யைத் திருப்பி வாங்கணும். வியாழக்கிழமை மூணு மணிக்கு என் நாற்காலியில வேற யாரையும் ஏத்திடாதீங்க. அவ எழுந்தாளான்னு நான் பாக்கணும்.