இரண்டாம் நாள் கேள்வி

மேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்களே, செவிலியர் சங்கத் தலைவி அவர்களே, முன்வரிசையில் மகளின் தோளில் சாய்ந்திருக்கும் தையற்காரர் ஐயா அவர்களே, டியூட்டியை மாற்றிக்கொண்டு ஓடி வந்திருக்கும் எலும்பு முறிவு வார்டுத் தோழர்களே, உங்கள் அனைவருக்கும் கனத்த மனத்தோடு என் வணக்கம்.

நோயாளிகள் நடை பழகும் இந்தக் கூடத்தில், கம்பிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு நாற்காலி போட்டிருக்கிறோம். யாருக்காக? முப்பத்தோரு ஆண்டுகள் நம் வார்டைக் கட்டிக்காத்த தலைமைச் செவிலியருக்காக! எனக்கு அவர் சிஸ்டர். நோயாளிகளின் சொந்தக்காரர்களுக்கோ அவர் விசாரணை அக்கா.

என்ன விசாரணை? தொடை எலும்பு உடைந்து வந்தவர் யாராயிருந்தாலும், இரண்டாம் நாள் காலையில் கட்டிலருகே போய் நிற்பார். பக்கத்தில் இருப்பவரைக் காட்டி, "இவங்க யாரு? உங்களுக்கு என்ன உறவு?" என்று கேட்பார். பிறகு காலரை விலக்கிக் கழுத்தைப் பார்ப்பார், அக்குளைப் பார்ப்பார், கீழ் இமையை இழுத்துப் பார்ப்பார். ஒருமுறை ஒரு மருமகப்பிள்ளை தன் மாமியாரைப் பார்த்து, "இவங்களை எனக்குத் தெரியவே தெரியாது" என்று சொல்லிவிட்டார். வார்டே கொல்லென்று சிரித்தது. சிஸ்டர் சிரிக்கவில்லை. மூன்று முறை திருப்பித் திருப்பிக் கேட்டு, ஒழுங்கான பதில் வந்த பிறகுதான் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

ஏன் இந்தப் பிடிவாதம்? பெரிய எலும்பு உடைந்தால், அதனுள் இருக்கும் கொழுப்பு சில சமயம் ரத்தத்தில் கலந்துவிடும். நுரையீரலைத் தாண்டி மூளைக்கும் போய்விடும். உடைந்த அன்று ஆள் நன்றாகத்தான் பேசுவார். அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ பேச்சு தடம் மாறும்; கழுத்திலும் அக்குளிலும் சிவப்புப் புள்ளிகள் தோன்றும்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு லாரி ஓட்டுநர் வந்தார். இரண்டாம் நாள் தன் மனைவியைப் பார்த்து, "இவங்க டிக்கெட் குடுக்கிறவங்க" என்றார். நான் அறுவை சிகிச்சை நிபுணன் அல்லவா? எனக்குத் தெரியாததா? "வலி ஊசி மயக்கம்தான் சிஸ்டர், விடுங்க" என்றேன்.

"மயக்கத்துக்கு அக்குள்ல சிவப்புப் புள்ளி வருமா டாக்டர்?" என்று கேட்டார்.

முதல் ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. நான் தப்பித்தேன் என்று நினைத்தேன். அவர் விட்டாரா? எம்.ஆர்.ஐ. எடுக்கும்வரை என் பின்னாலேயே வந்தார். அதில் சல்லடையில் மாவு சலித்ததுபோல் மூளை முழுக்க வெள்ளைப் புள்ளிகள்!

அந்தக் கொழுப்பைக் கரைக்க மருந்து கிடையாது, நண்பர்களே. மூச்சுக்கு உதவலாம், எலும்பை நிலைநிறுத்தலாம், காத்திருக்கலாம். சிஸ்டர் காத்திருந்தார். கண் திறக்காத அந்த மனிதரிடம் தினமும் அதே கேள்வியைக் கேட்டார். பதினெட்டு நாள் பதில் இல்லை. பத்தொன்பதாம் நாள் மனைவியைப் பார்த்து, "என் வீட்டுக்காரி" என்றார். கரண்டி பிடிக்கவும் சட்டைப் பொத்தான் போடவும் புதிதாகப் பழகி, நான்கு மாதம் இதே கம்பிகளைப் பிடித்து நடந்தார். இன்று லாரி ஓட்டுகிறார். இதோ, கடைசி வரிசையில் நிற்கிறார்.

சென்ற மாதம் பேருந்துப் படியில் கால் தவறி, சிஸ்டரே தொடை எலும்பு உடைந்து நம் வார்டுக்கு வந்தார். "இத்தனை வருஷம் நிக்க வெச்சீங்க, இப்பதான் படுக்க இடம் குடுத்திருக்கீங்க" என்று அன்றும் கேலிதான்.

இரண்டாம் நாள் காலை. விசாரணை அக்காவையே விசாரிப்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது. "சிஸ்டர், நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம்" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "புதுசா வேலைக்கு வந்த ஆள்தானே? அந்த வாளியை நகர்த்தி வை" என்றார்.

வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன். விளையாட்டாக வாளியை நகர்த்தியும் வைத்தேன்! முப்பத்தோரு ஆண்டில் என்னை ஒருமுறைகூட ஒருமையில் அழைக்காதவர் 'வை' என்றார். அது என் காதில் விழவில்லை. காலரை விலக்கிப் பார்க்கவில்லை. அறுவை அரங்குக்குப் போய்விட்டேன்.

மூன்று மணி நேரம் கழித்து வந்தபோது சிஸ்டருக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அக்குளில் சிவப்புப் புள்ளிகள் இருந்தன.

எல்லாம் செய்தோம். என்ன பயன்? லாரி ஓட்டுநர் தினமும் வந்து, "அக்கா, நான் யாரு?" என்று கேட்டுவிட்டுப் போனார். பத்தொன்பதாம் நாள் நாங்கள் எல்லோரும், படித்தவர்கள்தான், அந்தக் கட்டிலைச் சுற்றி நின்றோம். அன்று கண் திறப்பார் என்று குழந்தைகள்போல் நம்பினோம். திறக்கவில்லை. இருபத்து மூன்றாம் நாள் போய்விட்டார்.

அந்த மூன்று மணி நேரத்தால் எதுவும் மாறியிருக்காது என்கிறார்கள் என் சக மருத்துவர்கள். இருக்கலாம். ஆனால் அதை உறுதியாகச் சொல்ல இந்த உலகில் யாராவது இருக்கிறார்களா? அன்று சிஸ்டரின் கணவர், நம் தையற்காரர் ஐயாவின் காலில் விழாத குறையாக நடந்ததைச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "என்னை விடியக்காலையிலயே 'அண்ணே'ன்னு கூப்பிட்டா சார். கிண்டல் பண்றான்னு நானும் சிரிச்சேன்" என்றார்.

தோழர்களே! சிலை வைக்கவோ படம் திறக்கவோ நான் எழுந்து நிற்கவில்லை. ஒரே ஒரு உறுதிமொழி. அந்தக் கேள்வியை இனி நாம் கேட்போம். நம்மில் ஒருவர் படுத்திருந்தாலும் கேட்போம். வேடிக்கையான பதில் வந்தால், சிரிக்காமல் மறுபடியும் கேட்போம்.

எட்டாம் கட்டிலில் ஒரு கொத்தனார் படுத்திருக்கிறார். தொடை எலும்பு முறிவு. இன்று இரண்டாம் நாள். காலையில் அவர் மனைவியைக் காட்டிக் கேட்டதற்கு, "எங்க மேனேஜர்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் மூன்று முறை கேட்டேன். மூன்றாம் முறை சரியாகச் சொன்னார். ஆனாலும் மதியம் மறுபடி கேட்பதாக அந்த அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

நேரமாகிவிட்டது. மன்னியுங்கள், நான் வார்டுக்குப் போக வேண்டும்.