இரண்டாவது பாட்டில்

முளைக்கீரைக் கடைசல் என்றால் எனக்கு உயிர், சார். எங்கள் ஊர் போர்வெல் தண்ணீரில் இருப்பதைவிடப் பல மடங்கு நைட்ரேட் கீரையில் இருப்பதாக ஒரு புத்தகத்தில் படித்தேன். அதற்காகக் கீரைக்காரியை யாராவது கைது செய்தார்களா?

ஊர் கூட்டேரிப்பட்டுக்குப் பக்கம். பதினொரு வருடமாக நான்தான் டேங்க் ஆபரேட்டர். சுற்றிலும் கரும்பு, மல்லாட்டைப் பயிர்தான். யூரியாவை மூட்டை மூட்டையாகக் கொட்டுவார்கள்; அது மண்ணில் இறங்கி நைட்ரேட்டாகத் தண்ணீரில் கலக்கும். போன வருடம் தண்ணீரைச் சோதனைக்காக விழுப்புரத்தில் கொடுத்தேன். லேபிலிருந்து ரோஜா என்ற பெண் போன் செய்தாள்.

"நைட்ரேட் நூத்தி நாப்பது காட்டுதுண்ணா. நாப்பத்தஞ்சு தாண்டக் கூடாது. கைக்கொழந்தைக்குக் குடுத்தா நீலம் பாரிச்சிடும். காய்ச்சினாலும் போவாது, ஜாஸ்திதான் ஆவும். எதுக்கும் இன்னொரு பாட்டில் புடிச்சிக்கினு வாங்க."

இந்த போர்வெல்லை மூடினால் ஏரிக்கரை போர்வெல்லைத் திறப்பார்கள். அதன் சாவி அங்கே ஆபரேட்டராக இருக்கும் செல்வகுமாரிடம். ஊரே என்னை 'குமரேசண்ணா' என்று குழைவது மோட்டார் ரூம் சாவிக்காகத்தான். அதை அவனுக்குத் தாரைவார்க்க மனம் வரவில்லை. என் வீட்டில் குடிப்பது கேன் தண்ணீர். இரண்டாவது பாட்டிலை அதிலிருந்து நிரப்பினேன். ரிசல்ட் ஏழு. ஊராட்சி போர்டில் நானே ஒட்டினேன்.

மனிதன் சோறு, கீரை, பீட்ரூட் எல்லாம் தின்கிறான். உடம்புக்குள் போகும் நைட்ரேட்டில் தண்ணீரின் பங்கு கொஞ்சம்தான். நல்ல தண்ணீர் உள்ள ஊருக்குத்தான் அது பொருந்தும் என்று அடுத்த பக்கத்தில் போட்டிருந்ததாம். அதுவரைக்கும் நான் படிக்கவில்லை.

எங்கள் தெரு அஸ்வினிக்குக் குழந்தை பிறந்தது, பால் சுரக்கவில்லை. பைப்படியில் என்னைக் கேட்டாள்.

"ண்ணா, பவுடர் பால் கலக்க இந்தத் தண்ணி ஆவுமா? இல்ல, கேன் வாங்கட்டுமா?"

"போர்டுல பாரு, ஏழுதான். கேனுக்கு எதுக்கு பேஜாரு? நல்லா சுண்டக் காய்ச்சிக் குடும்மா."

அந்தக் குழந்தை கீரை தின்னாது, சோறு தின்னாது. அதன் முழுச் சாப்பாடும் என் டேங்க்தான். அடுத்த மாதம் உதடு நீலமானது. திண்டிவனம் போய்ச் சேருவதற்குள் ஆட்டோவிலேயே மூச்சு நின்றது.

ஆமாம், தெரிந்துதான் சொன்னேன். வேறு மாதிரிச் சொன்னால் போர்டில் ஒட்டியது பொய்யாகிவிடுமே.

வாக்குமூலத்தில் ஈவிரக்கம் இல்லாதவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், சார். அடக்கம் நடந்த அன்று துக்கம் அனுசரித்து அரை நாள் நான் மோட்டார் போடவில்லை. இடுகாட்டிலிருந்து வந்து குளிக்கத் தண்ணீர் கேட்ட அஸ்வினியின் புருஷனிடம்கூட, துக்க நாளில் மோட்டார் ஓடினால் நன்றாக இருக்காது என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன்.